நாயனம் உடைந்த பொம்மையை அவன் எப்படிப் பார்த்தான்?

எங்கள் பணம் போன கதையைக் கேட்டால் என் வீட்டுக்காரர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். யாரோ போன் செய்தான், ஏதோ ஒரு ஃபைல் அனுப்பினான், இவர் அதைத் தொட்டார், போய்விட்டது. அவருக்கு அத்தோடு கதை முடிந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. வயிற்றெரிச்சல் எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட ஒரு கேள்வி என்னை உட்காரவிடாமல் அரித்தது. மூடிய சூளைக்குள் வெந்துகொண்டிருந்த ஒரு பொம்மைக்கு நாயனம் உடைந்திருக்கிறது என்பது, எங்கேயோ உட்கார்ந்திருந்த அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

விருத்தாசலத்தில் நாங்கள் பீங்கான் பொம்மை செய்கிறோம். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. நானும் வீட்டுக்காரரும், மண்ணைக் களியாகக் கலக்கவும் அச்சில் ஊற்றவும் இரண்டு மூன்று ஆட்களும்தான். ஆர்டர் பேசுவது, பெட்டி கட்டுவது, பஸ்ஸில் போட்டு அனுப்புவது என் வேலை. பொம்மைகளைச் சுடுவதற்கு எங்கள் தெருவில் உள்ள பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கேஸ் சூளை வைத்திருக்கிறோம். சக்கரம் வைத்த இரும்பு வண்டியில் தட்டுத் தட்டாகப் பொம்மைகளை அடுக்கி, தண்டவாளத்தின் மேல் உள்ளே தள்ளிக் கதவை மூடிவிடுவோம். அதன் பிறகு வெந்து ஆறிக் கதவு திறக்கும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. சூளை எரியும்போது என் வீட்டுக்காரரோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர் கணக்காக நடந்துகொண்டே இருப்பார்.

எங்களிடம் கண் வைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். சுட்டு வந்த பொம்மைக்கு உடம்புக்கு வண்ணம் அடிக்க யாரும் அடித்துவிடலாம், கண் எழுதுவதற்கு அவள்தான். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது, வீடும் மாறி இப்போது புதுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது. இவள் கொண்டுபோகும் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. என்னை அண்ணி என்பாள், அவரை அண்ணா என்பாள். அவள் எங்களிடம் வந்து பல வருடம் ஆகிறது.

அந்த வருடம் நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, கல்யாண செட் நிறைய ஏற்றினோம். மாப்பிள்ளை, பெண், ஐயர், நாயனக்காரர், மேளக்காரர், பந்தி என்று மொத்தக் கல்யாணமும் இருக்கும். அடுக்கும்போது அவளும் கூட நின்று கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாயனக்காரரைக் கையில் எடுத்தவள் சிரித்தாள்.

"அண்ணி, இவுரு நாயனம் ஒடஞ்சு போச்சு பாருங்க. கூலி வாங்காமலே போவப் போறாரு."

"எடுத்துப் போட்டுரு," என்றார் என் வீட்டுக்காரர்.

"வேணாம்ண்ணா. முன்னாடி வைங்க, தனியா தெரியட்டும். வெந்து வந்ததும் நான் ஒட்டி, வண்ணம் குடுத்துடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அப்படியே முன்வரிசையில் வைத்தோம். வண்டியின் கம்பத்தில் அவர் சாக்பீஸால் எண் எழுதினார், வழக்கம்போல ஒரு போட்டோ எடுத்தார், வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் காலை போன் வந்தது. அவர் கை முழுக்க களி. விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். அதனால் நானும் கேட்டேன். மரியாதையான குரல். அவசரமே இல்லாத பேச்சு.

"வணக்கம் சார். கேஸ் சப்ளை ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க தெரு சூளையில இப்ப மூணாம் நம்பர் வண்டி எரிஞ்சிட்டிருக்கு இல்லீங்களா? முன்னாடி கல்யாண செட், அதுல ஒரு நாயனக்காரருக்கு நாயனம் உடைஞ்சிருக்கும். அது உங்க வண்டிதானே சார்?"

"ஆமா சார், ஆமா சார், அதேதான்!" என்றார் இவர். வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில்.

அப்புறம் அவன் விஷயத்துக்கு வந்தான். எங்கள் கேஸ் இணைப்பில் ஏதோ ஆவணம் சேர்க்கப்படவில்லையாம். கம்ப்யூட்டர் தானாகவே லைனை நிறுத்தப் போகிறதாம். வெந்துகொண்டிருக்கும் சரக்கு அவன் கண்ணில் பட்டதால் மனசு கேட்காமல் போன் செய்தானாம். ஒரு ஃபைல் அனுப்புகிறானாம், அதைத் திறந்து பேரை மட்டும் போட்டால் போதுமாம். பாதி வேக்காட்டில் தீ நின்றால் பொம்மைகள் விரிசல் விட்டு ஒன்றும் தேறாது. இது எங்கள் தெருவில் களி மிதிக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது.

"கேஸ்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க," என்றேன். வாரா வாரம் சிலிண்டர் இறக்குகிறவர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்.

"நாயனம் ஒடஞ்சது வரைக்கும் அவருக்குத் தெரியுது, நீ வேற," என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

ஃபைலைத் தொட்டார். போன் கொஞ்ச நேரம் சுற்றியது, அது கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கினார். பேரைப் போட்டார். அப்புறம் போன் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திரை தானாக மாறியது. வங்கியிலிருந்து செய்திகள் வந்தன, வந்த வேகத்தில் மறைந்தன. ஆளைக் கூப்பிட்டால் அவன் போன் அணைந்திருந்தது. நான் சூளைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அடியில் தீ எப்போதும்போல நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

என் போனிலிருந்து உடனே சைபர் புகார் எண்ணுக்குச் சொன்னதில், போனதில் ஒரு பகுதி வழியிலேயே நிறுத்தப்பட்டது. மீதி போனது போனதுதான். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். என் வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் போனை முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார், அதையும் செய்தோம். பழைய பேச்சுகளும் படங்களும் மட்டும் திரும்பி வந்தன.

மறுநாள் வங்கியில் கையெழுத்துப் போட நான் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் தெரு முனையில் அந்தக் கண் எழுதுகிற பெண் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தும் நிற்காமல் போய்விட்டாள். நடந்ததைப் பக்கத்துப் பட்டறை மாமாதான் சொன்னார். சொந்த மாமா இல்லை, வயதில் பெரியவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவோம். டீ குடிக்க எல்லோரும் சூளைக் கொட்டகையில் கூடியிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார். நாயனம் உடைந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் இரண்டு பேர் புருஷன் பெண்டாட்டி. மீதி யார்? அவளைக் கூப்பிட்டு, "உன் போனைக் குடு, பாக்கலாம்," என்றிருக்கிறார். அவள் கொடுத்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் அவர் அவளுடைய செய்திகளை, போட்டோக்களை, யார் யாரோடு பேசினாள் என்பதை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை. அழிச்சிருப்பா என்றாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பட்டறை வாசலிலேயே சத்தம் போட்டேன். அவரும் சத்தம் போட்டார்.

"அப்ப அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நீ சொல்லு. சொன்னீன்னா நான் நம்பறேன்."

அதுதான் என்னைக் குடைந்தது.

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. சுட்ட பொம்மைகள் நல்லபடியாக வெளியே வந்தன. வண்ணமும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை, பெண், ஐயர், ஒருவருக்கும் கண் இல்லாமல் பலகையில் வரிசையாக நின்றார்கள். அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஒருநாள் எடுத்தாள்.

"பக்கத்துப் பட்டறையில வேலை கேட்டேன் அண்ணி, வேணாம்னுட்டாங்க. எதிர்ப் பட்டறையிலயும் வேணாம்னுட்டாங்க. சீசன்ல ஆளு கெடைக்காம அலையறவங்க, என்னை மட்டும் வேணாம்ங்கறாங்க. எங்க வூட்டுக்காரரு ஏன்டி போவலன்னு கேக்கறாரு. அவருகிட்ட நான் என்னான்னு சொல்லட்டும்? நான் காட்டிக் குடுக்கலண்ணி."

கண்டுபிடிக்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன். எதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்று எனக்கே தெரியாது.

பக்கத்துப் பட்டறை மாமாவிடம் ஒரு யோசனை இருந்தது. அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருக்கும். நாம் பேசுவதையெல்லாம் போன் ஒட்டுக் கேட்கிறது என்றார். நாயனம் உடைந்ததை அவள் சொன்னபோது போன் பக்கத்தில்தானே இருந்தது? சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் முழுக்க போனுக்குப் பக்கத்தில் நின்று ஒட்டகத்தைப் பற்றிப் பேசினேன். ஒட்டகம் என்ன விலை, ஒட்டகத்துக்கு என்ன தீனி, கொல்லையில் கட்ட இடம் போதுமா என்று விடாமல் பேசினேன். களி ஊற்றுகிறவர் என்னைப் பார்த்துப் பயந்து தள்ளி உட்கார்ந்தார். சாயங்காலம் வரை போனில் ஒட்டக விளம்பரம் ஒன்றுகூட வரவில்லை. முடி கொட்டுவதற்கு எண்ணெய்தான் வந்தது. எங்கேயாவது கேமரா இருக்குமோ என்று சூளைக் கொட்டகையின் கூரை வரை அண்ணாந்து பார்த்தேன். சிலந்திவலைதான் இருந்தது.

மறுபடி அந்தப் பெண் போலீஸிடம் போனேன். வேறு வேலை இல்லையா என்று விரட்டாமல் உட்காரச் சொன்னார்.

"யாரு சொல்லியிருப்பாங்கன்னு தேடாதீங்க," என்றார். "அவன் பேசினதுல ஒவ்வொண்ணா எடுத்துக்குங்க. தெரு தெரியும், வண்டி நம்பர் தெரியும், உங்க போன் நம்பர் தெரியும், உள்ள இருக்கிற பொம்மை தெரியும். இது நாலும் சேந்து எங்க இருக்குதுன்னு பாருங்க. நம்ம ஜனங்க நெறைய விஷயத்தை அவங்களே வெளிய வச்சிடறாங்க. வச்சது மறந்து போயிடுது."

நாலும் சேர்ந்து எங்கே இருக்கிறது? வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சூளைக் கொட்டகையைத் தாண்டும்போது பக்கத்துப் பட்டறை மாமா வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார். கம்பத்தில் வண்டி எண்ணை எழுதினார். அதற்குக் கீழே தன் போன் நம்பரை எழுதினார். பிறகு நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"எதுக்கு மாமா போட்டோ?"

"என்னம்மா புதுசா கேக்கற? குரூப்புல போடத்தான்."

அந்த வழக்கம் ஒரு சண்டையில் பிறந்தது. பல பட்டறைச் சரக்கு ஒரே சூளையில் வேகும்போது, உடைந்தது யாருடையது, ஏற்றும்போதே உடைந்திருந்ததா, உள்ளே போய் உடைந்ததா என்று ஒருகாலத்தில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போகும். அதற்காக ஒரு வாட்ஸாப் குரூப் ஆரம்பித்து, வண்டி ஏற்றியதும் நம்பரோடு படம் எடுத்துப் போட வேண்டும் என்று பேசி வைத்தார்கள். சின்ன விரிசல்கூடத் தெரிகிற மாதிரி தெளிவான படமாகப் போட வேண்டும் என்பதும் பேச்சு. அதிலிருந்து சண்டை நின்றது. ஒருவரை ஒருவர் சந்தேகப்படாமல் இருப்பதற்கென்று வந்த ஏற்பாடு அது. நானும் முதலில் அந்தக் குரூப்பில் இருந்தேன். விடிந்தால் நூறு காலை வணக்கமும் பூ படமும் வந்து குவிந்ததால் விலகிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் அவர் போனை எடுத்து அந்த நாள் படத்தைத் தேடினேன். இருந்தது. விரலால் பெரிதாக்கினேன். சாக்பீஸில் மூன்று. அதற்குக் கீழே எங்கள் நம்பர். முன்வரிசையில் மாப்பிள்ளைக்கும் மேளக்காரருக்கும் நடுவில், உடைந்த நாயனத்தை வாயில் வைத்துக்கொண்டு நாயனக்காரர் நின்றிருந்தார். உடைந்த இடம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. நான் அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். சந்தோஷத்தில் கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

அடுத்து, அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு தெருப் பட்டறைக்காரர்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? அதில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். முக்கால்வாசிக்குப் பேரே இல்லை, வெறும் நம்பர்தான். பேருக்குப் பதில் முருகர் படம், பிள்ளையார் படம், ரோஜாப்பூ. வெளியூர் வியாபாரிகள் சரக்கைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று, அந்தக் குரூப்பில் சேர்வதற்கான க்யூஆர் கோடு கட்டத்தை அச்சடித்து டீக்கடைச் சுவரில் யாரோ ஒட்டியிருந்தார்கள். போனைக் காட்டினால் உள்ளே போய்விடலாம். அதையே படம் பிடித்து ஃபேஸ்புக்கிலும் போட்டிருந்தார்கள். நீ யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அவரிடம் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எவன் உக்காந்து இதைப் பெருசு பண்ணிப் பாப்பான்? பாத்தா மட்டும் கேஸ் ஆபீஸ்காரன் மாதிரி அவ்வளவு பேச வந்துருமா?"

"வருமான்னு பாக்கலாம்," என்றேன். உண்மையில் எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

என் பழைய போனில் புது சிம் போட்டேன். டீக்கடைக்குப் போய், டீ சொல்லிவிட்டு, சுவரில் இருந்த கட்டத்தைப் பிடித்துக் குரூப்பில் சேர்ந்தேன். ரோஜாப்பூ படம் வைத்துக்கொண்டேன். யாரோ ஒருவர் வாங்க வாங்க என்று கும்பிட்ட கை ஒன்று அனுப்பினார். ஓரிரு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பட்டறைக்காரர் திருப்பதிக்குக் கிளம்புகிறார், யாருடைய மோட்டார் ரிப்பேர், மங்களூர் திருவிழாவுக்கு யார் சரக்கு அனுப்புகிறார், எல்லாம் அதில் இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே எனக்குத் தெரியாத சேதிகள், ரோஜாப்பூவாக ஆனதும் தெரிந்துவிட்டன. பயமாகவும் இருந்தது, படிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பக்கத்துப் பட்டறை மாமா யானை பொம்மை வண்டி ஒன்றைப் படம் எடுத்துப் போட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்தட்டில் ஒரு யானைக்குத் தும்பிக்கை கோணிக்கொண்டிருந்தது. மறுநாள் சூளை எரியும் நேரம் பார்த்து, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, புது நம்பரிலிருந்து மாமாவைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் ஏமாந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் அவர்தான். படிச்சவன் பேச்சைக் கேட்டாலே இவன் எழுந்து நின்னுடுவான் என்று சொன்னவர். குரலை மெலிதாக்கி, வங்கியில் பேசுகிற பெண்கள் மாதிரி இழுத்துப் பேசினேன்.

"வணக்கம் சார். கேஸ் ஆபீஸ்லேருந்து பேசறோம். உங்க வண்டி, யானை ஏத்தினது, மேல்தட்டுல ஒண்ணுக்குத் தும்பிக்கை கோணலா இருக்கும். அது உங்களுதுங்களா சார்?"

"ஆமாங்க மேடம்," என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "உங்களுக்கு அங்கயே தெரியுதுங்களா மேடம்?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல வரும் சார். உங்க லைன் கட்டாகப் போகுது. ஒரு ஃபைல் அனுப்பறேன், தொறப்பீங்களா?"

"அனுப்புங்க மேடம், இப்பவே அனுப்புங்க. தீய மட்டும் நிறுத்திடாதீங்க மேடம், புண்ணியமாப் போவும்."

சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. போனை வைத்துவிட்டு மதில் ஓரம் போய், "மாமா, நான்தான் பேசினேன்," என்று கூப்பிட்டேன். அவர் போனைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். திட்டி முடித்ததும் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தும்பிக்கை கோணல்னு சொன்ன பாரு, அதுல உழுந்துட்டம்மா," என்றார்.

என் வீட்டுக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போடு," என்றார். போன் வேண்டாம், நேரில் போகலாம் என்றேன்.

அதற்குள் தெருவுக்கே விஷயம் பரவிவிட்டது. பட்டறைக்காரர்கள் மட்டும் இருக்கும்படி, முகம் தெரிந்தவர்களை மட்டும் சேர்த்து, புதுக் குரூப் ஒன்று ஆரம்பித்தார்கள். கம்பத்தில் போன் நம்பர் எழுதுவதை நிறுத்தினார்கள். டீக்கடைச் சுவரில் இருந்ததை மாமாவே கிழித்தார். கேஸ் என்றோ கரண்ட் என்றோ எவன் பேசினாலும் வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த ஆளை நாமே கூப்பிட்டுக் கேட்பது என்றும், முகம் தெரியாதவன் அனுப்பும் ஃபைலைத் தொடவே கூடாது என்றும் பேசிக்கொண்டார்கள். பழைய குரூப்பை மறுநாள் அழித்துவிடுவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலமே நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் அவள் வீட்டுக்குப் போனோம். புதுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்ததால் விசாரித்து விசாரித்துத்தான் கண்டுபிடித்தோம். அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர் போட்டோவைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி, "நான் பண்ணது தப்பும்மா, மனசுல வச்சுக்காத. நாளைக்கு வந்துடு," என்றார். அவருக்கு அது சுலபமாக வரவில்லை.

அவள் போட்டோவைப் பெரிதாக்கி நாயனக்காரரைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வரேன்ண்ணா. எனக்கும் வேற வழி இல்ல. ஆனா என் போனை எத்தினி பேரு முன்னாடி வாங்கிப் பாத்தீங்களோ, அத்தினி பேரு முன்னாடி உங்க போனை என் கையில குடுக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். சரி என்றார்.

மறுநாள் டீ நேரத்தில் சூளைக் கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேராக வந்தாள். அவர் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். ஏதோ ஒரு மரியாதைக்குக் கேட்கிறாள், வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எதையோ தேடுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது போல, கையை நீட்டினார், பிறகு தானாகவே கையை இறக்கிக்கொண்டார்.

அவள் ஓரிடத்தில் நிறுத்தி அமுக்கினாள். போனிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"எல்லாருக்கும் சொல்லிக்கறேன். எங்ககிட்ட கண்ணு வைக்க வர்ற பொம்பளையை யாரும் வேலைக்குச் சேத்துக்காதீங்க. சரக்கு விஷயத்தை வெளிய சொல்லித்தான் என் காசு போச்சு. கம்மாபுரத்துலேருந்து ஸ்கூட்டில வருமே, அதுதான். உஷாரா இருங்க."

பழைய குரூப்பில் அவர் பேசிப் போட்டது. அவள் போனைத் துழாவிய அன்றைக்கே போட்டிருக்கிறார். நான் படங்களைத் தேடிய அவசரத்தில் குரல் பதிவு எதையும் திறக்கவே இல்லை. தெருவில் என்னைத் தவிர எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் ஒரு பட்டறையும் அவளைச் சேர்க்கவில்லை. யாரோ சொல்லி அவளுக்கும் தெரிந்திருக்கிறது. டம்ளரைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒருவரும் குடிக்கவில்லை.

"அழிச்சுடறேம்மா," என்றார் அவர். "அந்தக் குரூப்பையே இன்னிக்கு அழிக்கப் போறோம்."

"வேணாம்ண்ணா. இதுலயே பேசுங்க. நான் இல்லன்னு சொல்லுங்க. அப்பறமா அழிங்க."

"எதுக்கும்மா? நம்ம ஆளுங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. அதுல மீதி இருக்கறவனுங்க எவன் எவன்னே தெரியாது. காசு எடுத்தவனும் அதுலதான் இருக்கான்."

அவள் போனை அவர் வாயருகே நீட்டினாள்.

"இருக்கட்டும். அவனும் கேக்கட்டும். நான் அவன் ஆளு இல்லன்னு அவனுக்கு மட்டுந்தான்ண்ணா ஆரம்பத்துலேருந்து தெரியும்."